மூட்டைக்குப் பிடித்த மூன்று

தண்ணீர் மீட்டர் பார்க்கப் போகிறவளுக்கு ஊரில் பாதிப் பேர் வீட்டு விஷயம் தெரிந்துவிடும். மீட்டர் பெட்டி இருக்கிற மூலையில்தான் ஜனங்கள் தங்களுக்கு வேண்டாததையெல்லாம் கொண்டு வந்து போடுவார்கள். கால் உடைந்த நாற்காலி, கோபித்துக்கொண்டு போன மருமகனின் செருப்பு, யாரும் ஓட்டாத சைக்கிள் எல்லாம் அங்கே கிடக்கும். பதினேழு வருடமாக இதே வேலை. மீட்டர்க்காரம்மா என்றால் பதினான்கு தெருக்களிலும் ஆள் தெரியும். எந்த வீட்டில் விருந்தாளி டேரா போட்டிருக்கிறார்கள், எந்த வீட்டில் ஆள் குறைந்திருக்கிறது என்பதை மீட்டர் எண்ணைப் பார்த்தே சொல்லிவிடுவாள். அப்பேர்ப்பட்டவளுக்குத் தன் வீட்டு நாயைப் பற்றி ஒன்றுமே தெரியவில்லை என்பது டாக்டர் சொன்ன ஒரு வார்த்தையில்தான் வெளியே வந்தது.

நாயின் பெயர் மூட்டை. அவள் கணவர் பஸ்ஸுக்கும் வேனுக்கும் சீட் தைப்பவர். வீட்டு முன்பக்கத்தில் தகரம் போட்டுக் கொட்டகை வைத்திருக்கிறார். பதினோரு வருடத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம், ஸ்பாஞ்சுத் துண்டுகள் அடைத்த மூட்டையின் வாயைக் கட்டப் போனபோது அது கொட்டாவி விட்டது. அவிழ்த்துப் பார்த்தால் உள்ளே மண் நிறத்தில் ஒரு குட்டி. ஒரு காது நிமிர்ந்து, ஒரு காது மடிந்து. பெயர் வைக்க யாரும் மெனக்கெடவில்லை.

இந்த வெயில் காலத்தில் அதன் வயிறு பெருத்தது. முதுகெலும்பு தெரிந்தது. அவித்த முட்டையை முகர்ந்து பார்த்துவிட்டு மரியாதையாக ஒதுங்கிக்கொண்டது. கால்நடை டாக்டர் அதை மேஜை மேல் தூக்கி வைக்கவில்லை. தானே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து வயிற்றைத் தடவிப் பார்த்தார். பிறகு ஸ்கேன் எடுத்தார். கல்லீரலில் கட்டி, பரவிவிட்டது, அறுவை சிகிச்சையைத் தாங்காது, இனி வாரக்கணக்குதான் என்றார். வலிக்கு மாத்திரை எழுதினார். ஒரு நாள் நீங்கள் எனக்கு போன் செய்ய வேண்டியிருக்கும், நானே வந்து ஊசி போடுகிறேன், தூங்குகிற மாதிரி போய்விடும் என்றும் சொன்னார்.

"என்னிக்குன்னு எப்படி டாக்டர் தெரியும்?" என்று கேட்டாள்.

"அதை நான் சொல்ல முடியாதும்மா. கூட இருக்கறது நீங்கதான். ஒண்ணு செய்யுங்க. இதுக்கு உசுருக்கு உசுரா பிடிச்ச விஷயம் மூணு இருக்கும். அதை எழுதி வச்சுக்கிட்டு தினமும் பாருங்க. மூணும் போயிட்டா, அதுக்கப்புறம் அது இருக்கறது அதுக்காக இல்ல. உங்களுக்காக."

வீட்டுக்கு வந்து காகிதத்தை எடுத்து வைத்தார்கள். அங்கேதான் சிக்கல். தையல் மெஷின் ஓடுகிற சத்தம் என்றால் மூட்டைக்கு உயிர், அது கேட்டால்தான் தூக்கமே வரும் என்றார் கணவர். ஸ்கூட்டரில் முன்னால் நின்றுகொண்டு போவதுதான் என்றாள் மகள். அவள் கல்லூரியில் இரண்டாம் வருடம். மூட்டையைத் தன் தம்பி என்று சிநேகிதிகளிடம் சொல்லிக்கொள்கிறவள். அம்மா ரப்பர் பந்தைச் சொன்னாள். மூன்று பேரும் சொன்னதைக் கூட்டினால் ஏழு வந்தது. அதில் இரண்டு பேர் ஒத்துக்கொண்டது ஒன்றுகூட இல்லை. அப்பாவும் மகளும் ஸ்கூட்டரா மெஷினா என்று மல்லுக்கு நிற்க, மூட்டை எழுந்து சமையலறைக்குப் போய்ப் படுத்துக்கொண்டது.

மீட்டர்க்காரம்மாவுக்கு ஒரு குணம். அவளோடு வேலை பார்க்கிறவர்களில் சிலர் டீக்கடையில் உட்கார்ந்தபடியே போன மாத எண்ணைப் பார்த்து இந்த மாத எண்ணைப் போட்டுவிடுவார்கள். அவள் போட மாட்டாள். வீடு பூட்டியிருந்தால் பூட்டு என்றுதான் எழுதுவாள். கண்ணால் பார்க்காததை எழுதக் கை வராது. சேர்த்து வைத்திருந்த விடுப்பில் மூன்று வாரம் எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்தாள். நாயைப் பார்ப்பதே வேலை.

முதல் நாள் பந்தை உருட்டிவிட்டாள். மூட்டை சிரமப்பட்டு எழுந்தது. பந்தைக் கவ்வி, பீரோ பக்கம் போய், அடியில் வைத்து, மூக்கால் உள்ளே நன்றாகத் தள்ளியது. விளக்குமாற்றால் எடுத்து மறுபடி உருட்டினாள். மறுபடியும் பீரோவுக்கு அடியில். இத்தனை வருடமாக "பாவம், பந்து உள்ள போயிடுச்சு" என்று குனிந்து குனிந்து எடுத்துக் கொடுத்திருக்கிறாள். அது தொல்லை விட்டது என்று ஒளித்து வைத்திருக்கிறது. தனியாக உட்கார்ந்து சிரித்தாள். சிரித்து முடித்ததும் என்னவோ போல் இருந்தது.

மறுநாள் காலையில் மகளை ஸ்கூட்டரை எடுக்கச் சொல்லி, முன்னால் நின்ற மூட்டையின் நெஞ்சில் கையை வைத்துப் பார்த்தாள். இதயம் தடதடவென்று அடித்தது. பயத்தில் நாய் விடுகிற மாதிரி கொட்டாவி மேல் கொட்டாவியாக விட்டது. அது சந்தோஷத்தில் அடிக்கிறது என்றாள் மகள். ஆனால் இறக்கிவிட்டதும் அது ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குள் போனதை அவளும் பார்த்தாள். கணவர் யாருக்கும் தெரியாமல் தானே சோதித்தார். மெஷினை ஓட்டினால் நிமிர்ந்த காது மடிந்தது. நிறுத்தினால் நிமிர்ந்தது. ஐந்து முறை பார்த்தார். பிறகு நூல்கண்டு மாற்றுகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அன்று பதினோரு மணிக்கு மூட்டை எழுந்து, பக்கவாட்டுக் கதவின் இடுக்கு வழியாக வெளியே போனது. ஒதுங்கப் போகிறது, வந்துவிடும் என்று மெஷினிலிருந்தே சொன்னார் கணவர். எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டாள். அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. அவள் செருப்பை மாட்டிக்கொண்டு பின்னாலேயே நடந்தாள்.

மூட்டை அவசரப்படவில்லை. மாவு மில் சுவரை ஒவ்வொரு சாணாக முகர்ந்தது. பள்ளிக்கூட மதில் நிழலில் உட்கார்ந்து மூச்சு வாங்கியது. போகிற இடம் தெரிந்த ஆளின் நடை. மூன்றாவது சந்தில் திரும்பி, கடைசி வீட்டுச் சாம்பல் நிற கேட்டின் அடிக்கம்பி இல்லாத இடத்தில் குனிந்து உள்ளே நுழைந்தது. அந்த கேட்டை அவளுக்கு நன்றாகத் தெரியும். அது 'நாளைக்கு வாங்க' வீடு.

ஆபீஸில் அந்த ஆளுக்கு வைத்திருக்கிற பெயர் அது. மின்விசிறி பழுது பார்க்கிற ஒற்றை மனிதர். தெருவில் யாரிடமும் பேச மாட்டார், வீட்டுக்குள் சொந்தக்காரர்களையும் சேர்க்க மாட்டார். மீட்டர் வெளிச்சுவரில் இருந்ததால் அவளும் வீட்டுக்குள் போனதில்லை. ஒரு ஆளுக்கு இரண்டு குடும்பத்துத் தண்ணீர் ஓடியிருக்கும். குழாய் ஒழுகுகிறது, சரி செய்யுங்கள் என்று நான்கு தடவை நோட்டீஸ் கொடுத்துவிட்டாள். ஒழுகவில்லை என்பார். பிறகு எப்படி இவ்வளவு என்று கேட்டால், நாளைக்கு வாங்க.

கேட்டுக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தாள். இரண்டு படிகளின் மேல் ஒரு பலகை சரிவாகப் போட்டிருந்தது. கால் வழுக்காமலிருக்கச் சாக்கு வைத்து ஆணி அடித்திருந்தது. மூட்டை அதில் ஏறியது.

"வாங்க சார். இன்னிக்கு லேட்டு" என்றது உள்ளேயிருந்து ஒரு குரல்.

முற்றத்தில் துணி துவைக்கிற கல். பக்கத்தில் குழாய். அந்த மனிதர் எழுந்து வந்து குழாயை நூல் போல ஒழுகும்படி திறந்துவிட்டு, சத்தத்தைக் கேட்டு, இன்னும் கொஞ்சம் குறைத்தார். மூட்டை ஈரச் சிமெண்டில் வயிற்றைப் பரப்பிப் படுத்தது. நாக்கை நீட்டி நாலு வாய் குடித்தது. பிறகு குடிக்கவும் இல்லை, சும்மா நெற்றியைக் காட்டிக்கொண்டு கிடந்தது. தண்ணீர் மடிந்த காது வழியாக இறங்கி ஓடியது. ஒரு மாதமாக வீட்டில் அசையாத வால் தரையை இடமும் வலமுமாகப் பெருக்கியது.

"சார்" என்றாள். ஆளும் நாயும் ஒன்றாகத் திரும்பிப் பார்த்தார்கள்.

"ரீடிங்குக்கு இன்னும் பத்து நாள் இருக்கே, மீட்டரம்மா."

"ரீடிங் எடுக்க வரல. அது எங்க நாய்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "யாரு?"

"மூட்டை. எங்க வீட்டு நாய் சார்."

"அவரைப் போயி மூட்டைங்கிறீங்க."

அவர் உள்ளே வரச் சொல்லவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை. பிரித்துப் போட்ட மின்விசிறிக்கு முன்னால் உட்கார்ந்து செப்புக் கம்பியைச் சுற்ற ஆரம்பித்தார். அவளாகவே கேட்டைத் திறந்துகொண்டு போய்ப் படியில் உட்கார்ந்தாள். மெல்ல மெல்லப் பேச்சு வந்தது. ஒன்பது வருடமாக வருகிறாராம். பதினோரு மணிக்கு வந்து ஒரு மணிக்குக் கிளம்புவாராம், ஆபீசர் மாதிரி. அதனால்தான் சார். ஒரு வாய் சோறு கொடுத்ததில்லை, சாப்பாட்டுக்கு வருகிற ஆள் இல்லை அவர்.

"ஞாயித்துக்கிழமை மட்டும் வர மாட்டாரு. ஒன்பது வருஷமா யோசிச்சுப் பார்த்துட்டேன், ஏன்னு புரியல."

"ஞாயித்துக்கிழமை நாங்க மூணு பேரும் வீட்ல இருப்போம்."

"அட, அதானா" என்றார். ஏதோ பழைய மின்விசிறி ஒன்று தானாகச் சுற்ற ஆரம்பித்த மாதிரி முகம் தெளிந்தது.

குழாய் ஒழுகவில்லை என்றீர்களே என்று கேட்டாள். தொறந்து விட்டால் அது ஒழுகுவதா என்று திருப்பிக் கேட்டார். பிறகு அவரே குரலை இறக்கி, மூன்று வாரமாக அவரால் படி ஏற முடியவில்லை, அதனால் பலகை போட்டேன், எந்த வீட்டிலிருந்து வருகிறார் என்று தெரியாமல் யாரிடம் போய்ச் சொல்வது என்று முழித்துக்கொண்டிருந்தேன் என்றார். அவள் டாக்டர் சொன்னதையெல்லாம் சொன்னாள். அவர் கேட்டபடியே கம்பி சுற்றினார். எத்தனையாவது சுற்று என்பது நடுவில் விட்டுப்போனது. எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்டு ஒன்றிலிருந்து ஆரம்பித்தார்.

அன்று காகிதத்தில் முதல் வரி எழுதினாள்: குழாய். இரண்டாவது, அந்த வீட்டுக்கு நடந்து போவது. முக்கியமாக, வழியில் வருகிற மாவு மில் சுவர். மூன்றாவதைக் கண்டுபிடிக்க நாலு நாள் ஆனது. மூன்று பேரும் ஒரே அறையில் உட்கார்ந்திருக்கும்போது மூட்டை வந்து வாசற்படிக்குக் குறுக்கே படுத்துக்கொள்ளும். யாராவது வெளியே போக வேண்டுமென்றால் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். இடைஞ்சல் என்றுதான் எல்லோரும் திட்டியிருக்கிறார்கள். கவனித்துப் பார்த்தால், மூன்று பேரில் ஒருவர் குறைந்தாலும் அது அங்கே படுப்பதில்லை.

மகளுக்குக் குழாய் விஷயம் பிடிக்கவில்லை. அந்த மனிதர் நம் நாயை மயக்கி வைத்திருக்கிறார் என்று இரண்டு நாள் பொருமினாள். மூன்றாம் நாள் கல்லூரிக்கு மட்டம் போட்டுவிட்டுக் கூட வந்தாள். குழாயடியில் மூட்டையைப் பார்த்தாள். திரும்பும்போது பாதி வழியில், "நம்ம வீட்லயும் குழாய் இருக்கேம்மா" என்று மட்டும் சொன்னாள். அதற்கு அடுத்த நாள் வீட்டுக் குழாயைத் திறந்தும் பார்த்தாள். மூட்டை ஒரு வாய் குடித்துவிட்டு நகர்ந்துவிட்டது.

ஆறாம் நாள் பின்னங்கால் தள்ளாடியது. கணவர் சீட் பெல்ட் பட்டையை இரட்டையாக மடித்துத் தைத்து, வயிற்றுக்கு அடியில் கொடுத்துத் தூக்கிப் பிடிக்கிற மாதிரி ஒரு வார் செய்து கொடுத்தார். விளிம்பு உறுத்தாமலிருக்க உள்ளே ஸ்பாஞ்சு வைத்திருந்தார். அது மூன்று நாள் உதவியது. அப்புறம் ஸ்பாஞ்சுச் சுருள் கொண்டு போகிற தள்ளுவண்டியில் மெத்தை போட்டு, அவள் தள்ளிக்கொண்டு போனாள். மாவு மில் அருகே நிறுத்தினாள். மூட்டை சுவர்ப் பக்கம் தலையைத் திருப்பவில்லை. ஒன்று போனது.

இரண்டாவது வார முடிவில் வாசற்படியும் போனது. மூட்டை வைத்த மூலையில் கிடந்தது. யார் எழுந்து போனார்கள், யார் வந்தார்கள் என்று பார்க்கவில்லை. குழாய் மட்டும் மிச்சம். வண்டி அந்தச் சந்துக்குள் திரும்பியதுமே நிமிர்ந்த காது ஆடும். கல்லில் இறக்கிவிட்டால் வால் ஒரு தரம், இரண்டு தரம் தரையைத் தட்டும்.

"டாக்டர் மூணும்னுதானே சொன்னாரு. இன்னும் ஒண்ணு இருக்கே" என்றாள் மகள். சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டு இதையே தினம் சொன்னாள். கணவர் ஒரே தையலை இரண்டு தரம் ஓட்டிவிட்டு, பிளேடு எடுத்துப் பிரித்துக்கொண்டிருந்தார்.

ஒரு காலையில் வண்டியில் ஏற்றத் தூக்கும்போது மூட்டை கத்தியது. அதுவரை அது அப்படிக் கத்தியதில்லை. சின்னக் குரலில், யாரையும் குற்றம் சொல்லாத மாதிரி ஒரு சத்தம். அன்று குழாயடியில் அவள் மின்விசிறிக்காரரிடம் நேராகவே கேட்டாள், என்ன செய்யலாம் என்று.

"நான் யாரு சொல்றதுக்கு. வளர்த்தவங்க நீங்க."

"தினம் ரெண்டு மணி நேரம் நீங்களும் வளர்த்திருக்கீங்க."

அவர் ரொம்ப நேரம் திருப்புளியைத் துடைத்தார். "ஒண்ணு மட்டும் சொல்றேன். முன்னெல்லாம் அவரு என்னைப் பார்க்கவே மாட்டாரு. தண்ணியைத்தான் பார்ப்பாரு. ரெண்டு நாளா என்னையே பார்க்கறாரு. அது என்னன்னு எனக்குத் தெரியல. நல்லதுக்கா, வேற எதுக்காவதா. உங்களுக்குத் தெரியுதா?"

அவளுக்கும் தெரியவில்லை. மீட்டரில் எண் இருக்கும், படித்துக்கொள்ளலாம். இந்தக் கண்ணில் என்ன இருக்கிறது என்று குனிந்து குனிந்து பார்த்தாள். பழுப்பாக, ஈரமாக, தன் முகம்தான் அதில் சின்னதாகத் தெரிந்தது. என்ன நினைக்கிறது என்று பதினோரு வருடத்தில் ஒரு நாளாவது இப்படி உட்கார்ந்து பார்த்தோமா என்று தோன்றியது. பார்த்திருந்தாலும் தெரிந்திருக்காது என்றும் தோன்றியது. தெரிந்துகொண்டு முடிவு செய்கிற விஷயம் இல்லை இது என்பது அந்தப் படியில் உட்கார்ந்திருக்கும்போதுதான் அவளுக்கு உறைத்தது.

சாயங்காலம் மகளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

"மூணாவதும் போகட்டும்னு காத்திருந்தா, அது எப்படிப் போகும்னு யோசிச்சியா? ஒரு நாள் குழாயடியில கொண்டு போய்ப் படுக்க வைப்போம். தண்ணி ஓடும். அதுக்கு வேண்டாம்னு இருக்கும். அப்படி ஒரு நாளை அது பார்க்கணுமா? ஒண்ணு மிச்சம் இருக்கும்போதே அனுப்பிடலாம்டி."

"நாம சீக்கிரம் பண்ணிட்டோம்னா?"

"பண்ணிட்டோம்னுதான் தோணும். எனக்குச் சாகுற வரைக்கும் தோணும். அது என்னோட போகட்டும். உனக்கு வேண்டாம்."

மகள் அழுதாள். அழுதுகொண்டே, டாக்டரை இங்கே வரச் சொல்லாதே, அங்கே வரச் சொல் என்றாள். கணவர் கொட்டகையிலிருந்து, "பதினோரு மணிக்கு" என்றார். அத்தனை நாளில் அவர் இதைப் பற்றிப் பேசியது அந்த ஒரு வார்த்தைதான்.

வியாழக்கிழமை. மின்விசிறிக்காரர் முற்றத்தைக் கழுவி, பக்கத்து வீட்டில் இரண்டு நாற்காலி இரவல் வாங்கிப் போட்டிருந்தார். துவைத்த சட்டை போட்டிருந்தார். தன் வீட்டுக்குள் ஒரே நேரத்தில் நாலு பேர் நுழைவதைப் பார்த்து அவருக்குக் கை கால் ஓடவில்லை. உட்காருங்கள், உட்காருங்கள் என்றார், யாரும் உட்காரவில்லை. குழாயைத் திறந்தார். சத்தத்தைக் கேட்டுக் குறைத்தார்.

மூட்டை குடித்தது. வால் ஒரு தரம் தட்டியது. டாக்டர் ஈரத்திலேயே மண்டியிட்டார். முதல் ஊசி தூங்குவதற்கு, அடுத்ததுதான் அது என்று மகளுக்கு விளக்கினார். மகள் மூட்டையின் தலையைப் பிடித்துக்கொண்டாள். கணவர் பின்னங்கால்களின் மேல் கையை வைத்தார். டாக்டர் முதல் ஊசியைப் போட்டார். மீட்டர்க்காரம்மா நாக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது இரண்டு தடவை தண்ணீரைத் தொட்டது. மூன்றாவது தடவை தொடவில்லை. டாக்டர் நெஞ்சில் குழலை வைத்துக் கேட்டார். இரண்டாவது ஊசியைப் போட்டார். மறுபடி கேட்டார். தலையை ஆட்டினார்.

டாக்டர் பையை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் கிளம்பிப் போனார். மின்விசிறிக்காரர் தொண்டையைச் செருமி, "நீங்க உங்க வீட்டுக்கு..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் மதில் ஓரத்தைப் பார்த்தார்.

"இங்கேயே" என்றார் கணவர்.

மண்வெட்டி ஒன்றுதான் இருந்தது. ஆளுக்குக் கொஞ்சமாக மாற்றி மாற்றி வெட்டினார்கள். மண் இறுகிக் கிடந்தது. கைக்கு வேலை வந்ததும் வாய்க்கும் வந்தது. ராத்திரியில் சார் எங்கே படுப்பார் என்று கேட்டார் மின்விசிறிக்காரர். கொட்டகையில், பஸ் சீட்டின் மேல், அதுவும் ஜன்னலோர சீட் என்றார் கணவர். இடிக்குப் பயப்படுவாரா என்று கேட்டார். ஓடிப் போய் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் நுழைந்துகொள்ளும் என்றாள் மீட்டர்க்காரம்மா. அவர் ஒவ்வொன்றையும் கேட்டுத் தலையாட்டிக்கொண்டார். பதிலுக்கு அவர் சொன்னார். குழாயடியிலிருந்து எழுந்து வந்து இந்தத் தூண் பக்கத்தில் ஒரு மணி நேரம் தூங்குவாராம். நல்லாக் குறட்டை விடுவாராம்.

"அது குறட்டை விடாது" என்றாள் மகள். "என் கட்டில் பக்கத்துலகூட எத்தனையோ நாள் படுத்திருக்கு. மூச்சுச் சத்தம்கூட வராது."

"இங்க விடுவாரும்மா."

"விடாது."

"விடுவாரு. சில நாள் நான் வேலையை நிறுத்திட்டு அதையே கேட்டுக்கிட்டு இருப்பேன்."

கணவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தார். "எப்படி விடுவாரு? கொஞ்சம் விட்டுக் காட்டுங்க."

மின்விசிறிக்காரர் மூன்று பேரையும் பார்த்தார். தெருப் பக்கம் ஒரு தரம் பார்த்தார். பிறகு குழிக்குப் பக்கத்தில் நின்றபடியே கண்ணை மூடி, உதட்டைத் தளர்த்தி, மூக்கால் நீளமாக ஒரு சத்தத்தை இழுத்து, கடைசியில் விசில் போல ஒரு சின்ன ஓசையுடன் விட்டார்.

மகள் அசையாமல் கேட்டாள். முகத்தில் மண்ணும் கண்ணீருமாக இருந்தது.

"இன்னொரு தடவை" என்றாள்.